ஃபார்மட்டோடு போன சாவி

நான் சந்தேகப் பிராணி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்வது கௌரவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். என் மனைவி தெருவில் நின்றபடி, "அந்தப் பூட்டு உனுக்கு இன்னா பாவம் பண்ணிச்சி, வுடேன்" என்பாள். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது, பழக்கம் போகவில்லை.

கம்பெனியின் வலைத்தளப் பிரிவுக்குப் புதிதாக நான்கு பேர் வந்திருக்கிறீர்களாம். உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எந்தப் பொத்தானை எங்கே அழுத்த வேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. அது நாளுக்கு நாள் மாறுகிறது, நீங்களே தேடிப் பார்த்துக்கொள்வீர்கள். வலைத்தளத்தில் வரைபடம் காட்டுவதற்கு ஏபிஐ கீ என்று ஒரு சாவி வாங்க வேண்டும். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேர வேலையை ஒழுங்காகச் செய்யாமல் நான் ஒரு பெண்ணைத் திருடி ஆக்கினேன். அதைத்தான் எழுதுகிறேன்.

கணினிக்கு வருவதற்கு முன்னால் கண்டெய்னர்களை இறக்கி வைக்கும் நம் திருவொற்றியூர் யார்டில் நான் கேட் கிளார்க். துறைமுகத்திலிருந்து வரும் கண்டெய்னர் உள்ளே நுழையும்போது, கதவில் போட்ட சீல் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் சீலில் இருக்கும் எண்ணைப் படிப்பார்கள், காகிதத்தோடு ஒத்துப்போனால் கையைக் காட்டிவிடுவார்கள். நான் சீலைப் பிடித்து இழுப்பேன். பின்னால் வரிசையில் நிற்கும் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழிப்பார்கள். "இன்னா சார், அது இன்னா கோயில் மணியா? இஸ்துகினே கீற!" என்று ஒருவர் கத்தியது நன்றாக நினைவிருக்கிறது. ஒரு நாள், எண் சரியாக இருந்த ஒரு சீல் இழுத்ததும் என் கையோடு வந்துவிட்டது. யாரோ அறுத்துச் சரக்கை எடுத்துக்கொண்டு, பசை போட்டு ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் முன்னால் ஊழியர் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த நாற்காலிதான் என்னைக் கெடுத்தது. யார் சரியில்லை என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிடும் என்று நம்ப ஆரம்பித்தேன். மற்றவர்களும் நம்பினார்கள், அது இன்னும் மோசம். எடைமேடைக்குக் கணினி வந்தபோது அதை என்னிடம்தான் கொடுத்தார்கள். பிறகு மாலை வகுப்புக்குப் போய் வலைத்தளம் செய்யக் கற்றுக்கொண்டேன். கேட்டிலிருந்து ஏ.சி. அறைக்கு வந்தபோது மோப்பம் பிடிக்கும் என் மூக்கையும் கூடவே கொண்டுவந்துவிட்டேன்.

கம்பெனிக்குத் திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என்று மூன்று யார்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். வெளிமாநில லாரிகள் மணலிக்குப் போக வேண்டியது திருவொற்றியூரில் வந்து நிற்கும். ஒரு டிரெய்லர் தப்பான தெருவில் நுழைந்துவிட்டால் அதைத் திருப்பி வெளியே எடுப்பதற்குள் தெரு மொத்தமும் முதலாளியின் பரம்பரையையே விசாரித்துவிடும். அதனால் வலைத்தளத்தில் ஒரு வரைபடம் வைக்கச் சொன்னார். எந்த யார்டுக்கு எந்தச் சாலையில் வர வேண்டும், எந்த கேட்டில் எவ்வளவு வரிசை நிற்கிறது, இதெல்லாம் ஓட்டுநர் தன் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

வரைபடம் நம்முடையது அல்ல. அதற்கென்று இருக்கும் ஒரு பெரிய நிறுவனத்துடையது. நம் பக்கத்தை யாராவது திறக்கும்போதெல்லாம், அது அந்த நிறுவனத்திடம் நீளமான ஓர் எழுத்துச்சரத்தைக் காட்டி வரைபடத்தை வாங்கி வரும். அந்த எழுத்துச்சரம்தான் சாவி. மாதத்துக்கு இவ்வளவு முறை வரை இலவசம். தாண்டினால் பதிவு செய்த கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். சாவியைக் காட்டியது யார் என்று பார்க்க மாட்டார்கள், சாவி யார் பேரில் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். இதற்காகவே ஒரு கட்டுப்பாடு உண்டு: எங்கள் வலைத்தளத்திலிருந்து கேட்டால் மட்டும் கொடு, வேறு எவன் கேட்டாலும் கொடுக்காதே. அதைப் போட ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அன்றைக்குப் பதினோரு மணிக்குக் கப்பல் கம்பெனி ஆட்கள் வருவதாக இருந்தது. வரைபடத்தைப் பெரிய திரையில் காட்ட வேண்டும். மணி பத்தேகால். சாவி வேண்டுமென்றால் முதலில் கார்டு எண்ணைக் கொடு என்றது அந்த நிறுவனத்தின் பக்கம். முதலாளியின் கார்டு எண்ணைக் கணினியில் தட்டக் கூடாது, அது அவர் வகுத்த சட்டம். கம்பெனிப் பேரில் கார்டே வாங்கவில்லை, அதுவும் அவர் சட்டம்தான்.

நான் நாற்காலியைத் திருப்பி, "யாராச்சும் டெபிட் கார்டு வெச்சிகினு கீறீங்களா? ரெண்டு ரூபா புடிப்பான், திருப்பிப் போட்டுடுவான். ஆளு நெசமான்னு பாக்கறதுக்குத்தான்" என்று பொதுவாகக் கேட்டேன். எங்கள் அலுவலகத்தில் இது பெரிய விஷயம் இல்லை. வண்டிச் சாவி, குடை, சார்ஜர், கார்டு எல்லாம் கைமாறிக்கொண்டே இருக்கும். பின்வரிசையிலிருந்து ஒரு கார்டு மேசை மேசையாகத் தாண்டி என் கைக்கு வந்தது. கணக்குத் தொடங்கும் அன்றே வங்கியில் கொடுத்துவிடும் வகை, மேலே பெயர் அச்சடித்திருக்காது. பின்வரிசையில் யாருடைய போனிலோ வந்த ஓ.டி.பி. எண்ணை அக்கவுண்ட்ஸ் பெரியவர் வாங்கி உரக்கப் படித்தார். வரைபடம் திரையில் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கார்டு வந்த வழியே திரும்பிப் போயிற்று. அது யாருடையது என்று நான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

கட்டுப்பாட்டைச் சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். சாயங்காலம் வேறு வேலை வந்தது. அடுத்த நாளும் வந்தது. வீட்டுப் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறவன் இதை எட்டு மாதம் திறந்து போட்டிருந்தேன்.

வரைபடம் நன்றாக ஓடியது. ஓட்டுநர்கள் வழி தவறுவது குறைந்தது. கல்மண்டபம் வரை பேச்சுப் போனது. அங்கே சரக்குகளுக்குச் சுங்க வேலை பார்த்துக்கொடுக்கும் ஆபீஸ் வைத்திருந்த என் தோஸ்து டில்லிபாபு, டீக்கடையில் என் தோளைத் தட்டி, "மாமு, சும்மா சொல்லக் கூடாது, சூப்பரா கீது" என்றான். நான் அன்றைக்கு ரொம்பச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

சாவி வாங்கும்போது அதற்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கியிருந்தேன். எட்டாவது மாதம் வேறு ஏதோ காரியமாக அதைத் திறந்தால் வரிசையாக எச்சரிக்கைகள். எங்கள் வரைபடம் எக்கச்சக்கமான முறை திறக்கப்பட்டிருந்தது. மூன்று யார்டுக்கும் வரும் அத்தனை லாரி ஓட்டுநர்களும் வேலையை விட்டுவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தாலும் அவ்வளவு வராது. யாரோ நம் சாவியை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். கார்டிலிருந்து பணம் எடுத்திருப்பதாகவும் அதில் எழுதியிருந்தது. எழுதியிருந்ததைப் படித்தேன். யாருடைய கார்டு என்று யோசித்தேனா? இல்லை. கம்பெனி கார்டு என்று மனதில் ஓடிவிட்டது. கம்பெனிக்குத்தான் கார்டே கிடையாதே என்பது எனக்கு உறைக்கவே இல்லை. என் மூளை ஒரே இடத்தில்தான் நின்றது: எடுத்தவன் எவன்?

அப்போது கௌதமி ஒப்பந்த ஊழியராக இருந்தாள். வரைபடம் வைப்பதற்கு ஒரு மாதம் முன்னால் சேர்ந்தவள், எம்.கே.பி. நகரிலிருந்து பஸ்ஸில் வருவாள், கேட் சீட்டுகளைக் கணினியில் ஏற்றுகிற வேலை. அதிகம் பேச மாட்டாள். பேசாதவர்களை எனக்குப் பிடிக்காது, அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இந்த எச்சரிக்கைகளைப் பார்ப்பதற்கு முந்தின வாரம் அவள் என் மேசைக்கு வந்து, "சார், அந்த மேப்பு மாசாமாசம் எவ்ளோ ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டிருந்தாள். சீட்டு அடிக்கிற பெண்ணுக்கு இது எதற்கு என்று எனக்கு அப்போதே சுருக்கென்றது. "நீ உன் வேலைய பாரும்மா" என்று அனுப்பிவிட்டேன்.

எச்சரிக்கைகளைப் பார்த்த மறுநாள், சாப்பிடப் போனவன் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். கௌதமி என் கணினி முன்னால் குனிந்து நின்றுகொண்டு, திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். திரையில் இருந்தது சாவியின் கணக்குப் பக்கம்.

"இன்னா பண்ற இங்க?"

போனைக் கீழே நழுவவிடப் பார்த்தாள். "இல்ல சார், இந்தப் பக்கத்துல ஒண்ணு பாக்கணும்னு…"

"பாக்கறதுக்கு போட்டோ எதுக்கு?"

அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. மாட்டிக்கொண்டவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டில் எத்தனையோ தடவை பார்த்தவன் நான், அது இதுதான் என்று முடிவு கட்டினேன். அன்றைக்கே அக்கவுண்ட்ஸ் பெரியவரிடம் துருவினேன். அவளுடைய அண்ணன் மணலியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை செய்கிறான் என்றார். போதாதா? கேள்வி கேட்டாள், படம் எடுத்தாள், வெளியே ஆள் இருக்கிறது. சீல் கையோடு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சாவியை யார் யார் பயன்படுத்துகிறார்கள், எந்தெந்த வலைத்தளத்திலிருந்து கேட்கிறார்கள் என்று ஒரு பட்டியல் அதே கணக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு முறை சொடுக்கினால் வந்துவிடும். நான் சொடுக்கவில்லை. எழுந்து முதலாளியின் அறைக்குப் போனேன்.

"உனுக்குத் தெரியாததா" என்றார் முதலாளி. அந்தப் பழைய சீல் அவர் மனதில் இன்னும் இருந்தது. சனிக்கிழமை மதியம் கௌதமியைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று நானே சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். கம்பெனிச் சமாச்சாரத்தை வெளியே கொடுப்பவர்களை வைத்துக்கொள்ள முடியாது என்றேன்.

"சார், நான் ஒண்ணு சொல்லணும்."

"எதுவா இருந்தாலும் எச்.ஆர்.ல எழுதிக் குடு."

எங்கள் கம்பெனியில் எச்.ஆர். என்று ஒன்று கிடையாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். வாசலில் சத்தம். செக்யூரிட்டி கையை விரித்துத் தடுக்க, அவர் கைக்குக் கீழே குனிந்து ஓர் அம்மா உள்ளே வந்துவிட்டார். பின்னாலேயே கௌதமி, "மா, வாம்மா, போயிடலாம்" என்று அவர் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள். புளியந்தோப்பில் பழைய காகிதக் குடோனில் வேலை செய்பவர் என்று பிறகு தெரிந்தது. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"எம் பொண்ணத் திருடின்னு சொன்னது யாருயா?"

அலுவலகம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. எழுந்து போனேன்.

"இன்னாத்தத் திருடிச்சி? சொல்லு. நானே இஸ்துகினு போயி ஸ்டேசன்ல வுடறேன்."

"அம்மா, இது கம்ப்யூட்டர் விஷயம், உங்களுக்குப் புரியாது…"

"எனுக்குப் புரியாது. இத நீ படி. நீதான் படிச்சவன் ஆச்சே." ஒரு போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். வங்கியிலிருந்து வந்த செய்தி. வரைபட நிறுவனத்தின் பெயர் போட்டு, நாளைக் காலை இந்தக் கணக்கிலிருந்து இவ்வளவு எடுக்கப்படும் என்று இருந்தது. "யாரு எடுக்கறான்? உங்க மேப்பு எடுக்குது. யாரு கார்டு? எம் பொண்ணு கார்டு. யாரு கேட்டு வாங்கனது? நீ கேட்டு வாங்கன. இப்ப சொல்லு, யாரு திருடி?"

கணினிக்குப் போய்ப் பார்த்தேன். பதிவு செய்த கார்டின் கடைசி நான்கு எண்ணும், செய்தியில் இருந்த நான்கு எண்ணும் ஒன்றுதான்.

கௌதமி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு மாசமா கொஞ்சம் கொஞ்சமா போச்சு சார். எதுக்குப் போவுதுன்னே மொதல்ல தெரியல. அக்கவுண்ட்ஸ் சாரக் கேட்டேன், உங்களக் கேக்கச் சொன்னாரு. உங்களக் கேட்டேன், வேலையப் பாருன்னீங்க. அதுல இருக்கறது என் கார்டு நம்பர்தானான்னு பாக்கத்தான் போட்டோ எடுத்தேன்."

"அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லி இருக்கலாம் இல்ல?"

"கான்ட்ராக்ட்ல இருந்துட்டு துட்டு கேக்கறாளேன்னு நெனச்சிட்டா? சரி, கேட்டுடலாம்னு சனிக்கிழமை வந்தேன். எச்.ஆர்.ல குடுன்னுட்டீங்க."

"எங்க ஹவுசிங் போர்டு பிளாக்க இடிக்கப் போறாங்கோ" என்றார் அம்மா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "புதுசா கட்டித் தர்ற வரைக்கும் வாடக வூட்டுக்குப் போவணும். வர்ற ஞாயித்துக்கெயமை அட்வான்ஸ் குடுக்கணும். இல்லாங்காட்டி அந்த வூட்ட வேற எவனுக்காச்சும் வுட்டுடுவான். இவ எட்டு மாசமா டீ கூட குடிக்காத சேத்து வெச்ச துட்டு சார் அது."

சத்தம் கேட்டு முதலாளி வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். சாவியை உடனே அழித்தால்தான் மேலும் ஏறாது என்றேன். அவர் தலையில் கை வைத்தார். எண்ணூர் சாலையில் அன்றைக்குத்தான் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். லாரிகள் எல்லாம் எங்கள் வரைபடத்தைப் பார்த்துத்தான் மணலி வழியாகச் சுற்றி வந்துகொண்டிருந்தன. "இன்னிக்கு ஒரு நாள் தள்ளிப் போடுய்யா. சாயங்காலம் பாக்கலாம். மொதல்ல எவன் எடுத்தான்னு கண்டுபுடி, அவன்கிட்டயே வசூல் பண்ணலாம்" என்றார்.

அப்போதுதான் அந்தப் பட்டியலைத் திறந்தேன். இரண்டு சொடுக்கு. முதல் வரியில் எங்கள் வலைத்தளம். இரண்டாவது வரியில் கல்மண்டபம் டில்லிபாபுவின் ஆபீஸ். அதற்குக் கீழே இரண்டு லாரி கம்பெனி, காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்யும் ஒருவர், வீடு வாடகைக்குப் பிடித்துத் தரும் புரோக்கர்கள் கூட்டமாக நடத்தும் ஒரு தளம், தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். புரோக்கர் தளம்தான் கொள்ளையாக இழுத்திருந்தது. கௌதமியின் அண்ணன் வேலை செய்யும் ஆபீஸ் அதில் இல்லை. நான் இரண்டு தடவை மேலிருந்து கீழே தேடினேன். அது இல்லையே என்று அந்த நிமிடத்திலும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சந்தேகம் அப்படிப்பட்டது.

டில்லிபாபுவுக்குப் போன் போட்டேன். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். திருடனை எல்லோர் முன்னாலும் பிடிக்கப்போகிறோம் என்ற நினைப்பு.

"டில்லி, உங்க சைட்ல எங்க மேப்பு எப்பிடி வந்துச்சி?"

"இன்னா மாமு கேக்கற? நீதான குடுத்த!"

"நான் எப்பிடி குடுத்தேன்?"

"டீக்கடையில வெச்சிப் பென் டிரைவுல போட்டுக் குடுத்தியே, மறந்துட்டியா? அந்த ஃபார்மட்டத்தான் பேர மாத்திப் போட்டுகினேன். நல்லா கீதுன்னு நாலு பேரு கேட்டாங்கோ, அவுங்களுக்கும் குடுத்தேன். நம்ம ரோட்ல ஃபார்மட்டு கேட்டா யாருனா இல்லன்னு சொல்லுவாங்களா?"

உங்களுக்கு இந்தப் பழக்கம் தெரியுமோ தெரியாதோ. துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் ஆபீஸ்களில் கடிதம், பில், கேட் பாஸ் எதையும் யாரும் புதிதாக எழுத மாட்டார்கள். பக்கத்து ஆபீஸில் ஃபார்மட் வாங்கி, மேலே பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். கேட்டால் கொடுத்துவிட வேண்டும், அதுதான் மரியாதை. நானும் அப்படி எத்தனையோ வாங்கியிருக்கிறேன். டில்லி தோளைத் தட்டிப் பாராட்டியதும், மறுநாளே வலைத்தளப் பக்கத்தை முழுசாகப் பென் டிரைவில் போட்டு, ஏதோ தாரை வார்ப்பது போலக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். பக்கத்துக்குள்ளே சாவி இருந்தது. கட்டுப்பாடு இல்லாத சாவி. எவன் கொண்டுபோனாலும் வேலை செய்கிற சாவி. அது எங்கே போனாலும் கணக்கு ஏறியது எம்.கே.பி. நகர் பெண்ணின் கார்டில்.

போனை வைத்தேன்.

"அப்போ குடுத்தவன் யாரு?" என்றார் அம்மா.

"நான்தாம்மா குடுத்தேன்" என்றேன். எத்தனை வருடம் சீலை இழுத்தேன், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதுதான் எனக்குக் கனமாக இருந்தது. வெட்கமாக இருந்தது. கௌதமியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

முதலாளி சாயங்காலம் வரை பொறு என்றுதான் இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மணி நேரமும் அவள் கணக்கில் ஏறும், லாரிகளுக்கு நான் வாயால் வழி சொல்லிக்கொள்வேன் என்றேன். நிலுவையை என் கார்டில் கட்டினேன், அவள் கார்டை நீக்கினேன், சாவியை அழித்தேன். முதலாளி பேச்சை நான் மீறியது என் வேலைக் காலத்தில் அந்த ஒரே முறைதான். என் திரையை அம்மாவும் கௌதமியும் இருவருமாகப் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். இதுவரை பிடித்ததையும் கம்பெனி தர வேண்டும் என்றேன். முதலாளி என்னை முறைத்துவிட்டு, அக்கவுண்ட்ஸ் பெரியவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

வரைபடம் சாம்பல் நிறமாகிப்போனது. பத்து நிமிடத்தில் போன்கள் அலறத் தொடங்கின. "சார், மேப்பு வர்ல, எந்தப் பக்கம் போறது?" என்று ஒவ்வொரு ஓட்டுநராகக் கேட்க, நான் ஒரு கையில் போனும் மறு கையில் மௌசுமாகத் தடுமாறினேன். புதுச் சாவி எடுக்க வேண்டும். போனில் வழி சொல்லிக்கொண்டே தப்புத் தப்பாகச் சொடுக்கிக்கொண்டிருந்தேன்.

"சார், எழுந்துக்கோங்க" என்றாள் கௌதமி.

எழுந்தேன். அவள் உட்கார்ந்தாள். ஒரே ஓட்டமாகப் போனாள், எங்கேயும் நின்று யோசிக்கவில்லை. பணம் போகிற பயத்தில் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் இதைப் பற்றியே போனில் படித்திருக்கிறாள். நான் எட்டு மாதம் தள்ளிப்போட்ட கட்டுப்பாடு எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. புதுச் சாவி உருவாகி வருகிற நேரத்தில் கையை நிறுத்தினாள்.

"சார், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் திரும்பினேன். திரும்பிய பக்கத்தில் அவள் அம்மா நின்றுகொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாத் திரும்பு" என்றார்.

முதுகுக்குப் பின்னால் விசைகளின் சத்தம். பிறகு ஓட்டுநர்களின் போன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன, வரைபடம் வந்துவிட்டது என்று தெரிந்தது. அவள் அதோடு நிறுத்தவில்லை. அதே சாவியைத் தன் கணினியில் வேறொரு பக்கத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, "இங்க வர்ல, கரெக்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சீலை இழுத்துப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. கேட்டில் நான் செய்த வேலை அதுதான். ஏ.சி. அறைக்கு வந்த பிறகு அதை ஆட்களிடம் மட்டும் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அட்வான்ஸ் கொடுத்தார்கள். கம்பெனிப் பேரில் ஒரு கார்டு வந்தது. கௌதமிக்கு வேலையைத் திரும்பக் கொடுத்தோம். அந்தப் பெண்தான் இப்போது உங்கள் அறையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் கௌதமி மேடம். இதை எழுதச் சொன்னதும் அவர்தான். "என் பேரையும் போடுங்க சார், சும்மா யாரோ ஒரு பொண்ணுன்னு எழுதாதீங்க" என்றார்.

சந்தேகப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். இந்த வேலையில் சந்தேகம் வேண்டும். நான் செய்த தப்பு, சந்தேகப்பட்டது போதாமல் போனது. பேசாத பெண்ணைச் சந்தேகப்பட்டேன், அவள் கேள்வியை, அவள் போனை, முகத்தைக்கூடப் பார்த்திராத அவள் அண்ணனைச் சந்தேகப்பட்டேன். என் சட்டைப்பையில் இருந்த பென் டிரைவை விட்டுவிட்டேன்.

இன்னொன்று. நீங்கள் படித்தவர்கள், உங்களுக்குத் தெரியும்: வலைத்தளத்தில் போட்ட சாவி ரகசியம் அல்ல. பக்கத்தின் உள்ளே போய்ப் பார்த்தால் யார் கண்ணுக்கும் தெரியும். கட்டுப்பாடு இருப்பதால்தான் பயமில்லை. அன்றைக்கு என்னைத் திரும்பச் சொன்னபோது இது கௌதமிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் சொன்னார், நான் திரும்பினேன். ஓய்வு பெறும் நாள் வரை நான் அந்தப் பக்கத்தின் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.